கடைமடைக்கு அடுத்த வயல்

எங்கள் வீட்டு நாள்காட்டியில் ஜூன் மாதத் தாளில் இரண்டு வட்டங்கள் இருக்கும். 12-ஆம் தேதியைச் சுற்றி அப்பா போட்டது: வழக்கமாக மேட்டூரில் தண்ணீர் திறக்கும் நாள். 14-ஆம் தேதியைச் சுற்றி நான் போட்டது: ஏப்ரல் 15-ல் தொடங்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் கிழக்குக் கடற்கரையில் முடியும் நாள். கல்லணை திறந்து, புது ஆற்றில் தண்ணீர் வந்து, கிளை வாய்க்கால் நிரம்பி, எங்கள் மடைக்கு எட்டும்வரை அப்பாவுக்குத் தூக்கம் வராது. விசைப்படகுகள் இறங்குவதற்குள் கடலடியில் செய்ய வேண்டியதைச் செய்து முடிக்கும்வரை எனக்குத் தூக்கம் வராது. பேராவூரணிப் பக்கம், புது ஆறு என்று நாங்கள் சொல்லும் கல்லணைக் கால்வாயின் கடைமடையில் இருக்கிறது எங்கள் ஊர். எங்கள் வயலைத் தாண்டிப் போகிற வடிகால் கொஞ்ச தூரத்தில் கடலில் விழுந்துவிடும்.

கடல் சூழலியல் படித்தவள் நான். பவளப்பாறைகளைக் கணக்கெடுப்பதும் அவற்றைக் காப்பதும் பதினோரு வருடம் என் வேலையாக இருந்தது. ஊரில் இதைச் சொன்னால் உடனே வருகிற கேள்வி, "நம்ம பக்கம் பவளம் எங்க இருக்கு?" என்பதுதான். நியாயமான கேள்வி. நம் பக்கம் இல்லை. கொள்ளிடம் முகத்துவாரத்திலிருந்து பூம்புகார், தரங்கம்பாடி, நாகப்பட்டினம் என்று இறங்கி, கோடியக்கரையில் மேற்கே திரும்பி, முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம் என்று வந்தாலும் பவளப்பாறைத் தொடர் ஒன்றைப் பார்க்க முடியாது. அதைப் பார்க்க ராமேசுவரம், மண்டபம் பக்கம்தான் போக வேண்டும்.

காரணம் காவிரிதான். பவளம் பார்வைக்குக் கல், பிறப்பில் உயிரி. குண்டூசித் தலை அளவுள்ள எத்தனையோ உயிரிகள் சேர்ந்து, கடல்நீரில் இருக்கும் சுண்ணாம்பை எடுத்துத் தங்களுக்கு வீடு கட்டிக்கொள்கின்றன. அந்த உயிரியின் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி குடியிருக்கிறது. பாசி வெயிலை வாங்கிச் சமைக்கும், சமைத்ததில் பெரும்பங்கைப் பவளத்துக்குக் கொடுக்கும். பவளம் அதற்கு இடமும் உரமும் கொடுக்கும். அதனால் பவளத்துக்கு வெளிச்சம் வேண்டும், வெளிச்சம் இறங்கத் தெளிந்த நீர் வேண்டும், உப்பும் குறையக் கூடாது. ஆறு கொண்டுவருவதோ நன்னீரும் வண்டலும். ஒவ்வொரு வெள்ளத்திலும் வந்து படிந்து நமக்குச் சோறு போட்ட அதே வண்டல், பவளத்தின் மேல் படிந்தால் மூச்சை அடைத்துவிடும். சோறு விளைகிற கரையில் பவளம் வளராது என்பதைப் பரங்கிப்பேட்டையில் படிக்கும்போது ஒரு வகுப்பில் கேட்டேன். அன்றைக்கு மனதில் விழுந்த முடிச்சு இன்னும் அவிழவில்லை.

2008-ல் மன்னார் வளைகுடாவுக்குப் போனேன். ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே 21 தீவுகள். 1986-ல் அவற்றைச் சுற்றிக் கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது; பரப்பு 560 சதுர கிலோமீட்டர். 21 என்று புத்தகத்தில் இருந்தாலும் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் நீருக்கடியில் போய்விட்டன. முன்பு அந்தப் பக்கம் முருகைக்கல்லை, அதாவது பவளக்கல்லை, வெட்டி எடுத்து, காளவாயில் சுட்டுச் சுண்ணாம்பு ஆக்கினார்கள், வீடு கட்டினார்கள். பல ஆண்டுகள் படகு படகாகக் கல் கரையேறியது. அலையைத் தாங்கி நின்ற பவளப் பார் போனால், பின்னால் இருக்கிற மணல்தீவை யார் தாங்குவது? 2001-ல் பவளங்களை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலிக்கும் யானைக்கும் சமமாகச் சேர்த்தார்கள். அதன் பிறகுதான் வெட்டு படிப்படியாக நின்றது.

கணக்கெடுப்பு என்றால் என்ன என்று அப்பா ஒருமுறை கேட்டார். 20 மீட்டர் அளவு நாடாவைப் பாரின் மேல் இழுத்துக் கட்டுவோம். நாடாவுக்குக் கீழே என்னென்ன வருகிறதோ அதை ஒவ்வொரு சென்டிமீட்டராகப் பலகையில் பென்சிலால் எழுதுவோம். உயிருள்ள பவளம், செத்த பவளம், பாசி, மணல், உடைசல். நீருக்கடியில் பென்சில் எழுதும் என்பதே அவருக்கு ஆச்சரியம். அப்புறம், "பயிர்ச்சேதம் கணக்கெடுக்க வி.ஏ.ஓ. வர்ற மாதிரின்னு சொல்லு" என்றார். ஆமாம், கிட்டத்தட்ட அதேதான். வேறுபாடு என்னவென்றால், நான் சேதம் நடக்கும் முன்பும் எழுதினேன், பிறகும் அதே இடத்துக்குப் போய் எழுதினேன்.

உயிரோடு இருக்கிற பாருக்குச் சத்தம் உண்டு. காதைக் கொடுத்துக் கேட்டால் இரும்புச் சட்டியில் கடுகு பொரிகிற மாதிரி ஓயாமல் கேட்கும். இடுக்குகளில் இருக்கிற சின்ன இறால்கள் கொடுக்கைச் சொடுக்குகிற சத்தம் அது. முதல்முறை மூழ்கியபோது என் காற்றுக்குழாயில்தான் ஏதோ கோளாறு என்று பயந்தேன்.

2016 கோடையை என்னால் மறக்க முடியாது. ஏப்ரல் முதல் ஜூன் வரை அங்கே நீர் 30 டிகிரியைத் தாண்டுவது வழக்கம்தான். அந்த வருடம் சூடு இறங்கவே இல்லை. நீர் அளவுக்கு மேல் சூடானால் பவளம் தன் சதைக்குள் இருக்கும் பாசியை வெளியேற்றிவிடும். பழுப்பும் பச்சையுமாக இருந்த நிறமெல்லாம் பாசியுடையது. அது போனதும் கண்ணாடி போன்ற சதை வழியாக உள்ளே இருக்கும் சுண்ணாம்பு தெரியும். இதைத்தான் வெளுத்தல் என்கிறோம். அன்றைக்கு நான் இறங்கிய இடத்தில் மான்கொம்பு மாதிரி கிளைவிட்ட பவளம் ஒரு திட்டு முழுக்க வெளுத்திருந்தது. தெரியாதவர்களுக்கு அழகாகத்தான் இருக்கும். கையுறையோடு நீரை மெல்லத் தள்ளி அருகில் போய்ப் பார்த்தேன். கிளையின் நுனியில் சின்னஞ்சிறு வாய்கள் திறந்து மூடிக்கொண்டிருந்தன. உயிர் இருந்தது. பசியோடு இருந்தது. சில வாரங்களுக்குள் நீர் குளிர்ந்தால் பாசி திரும்ப வரும், பவளம் பிழைக்கும். குளிராவிட்டால் வெள்ளைக் கிளை மேல் பச்சையாக வேறு பாசி படரும். அது படர்ந்துவிட்டால் எல்லாம் முடிந்தது. அந்தத் திட்டில் பாதிக்கு மேல் பச்சை படர்ந்ததை ஆகஸ்டில் எழுதினேன். என் பலகையில் 'உயிருள்ள' என்று இருந்த கட்டத்தை அழித்து 'செத்த' என்று எழுதும்போது கண்ணாடிக்குள் அழுதேன். அதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

கிளைப்பவளம் பாதகமில்லை, நல்ல இடத்தில் வருடத்துக்குப் பத்து சென்டிமீட்டர் வரைகூட வளரும். உடைந்த துண்டுகளைச் சேகரித்துக் கான்கிரீட் பலகையில் கட்டி, கடலடியில் வைத்து வளர்த்து மீட்கலாம். அதை நிறையச் செய்தோம். ஆனால் குண்டுகுண்டாக இருக்கும் மூளைப்பவளம் மாதிரியானவை வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் போனாலே அதிகம். மாட்டுவண்டிச் சக்கரம் அளவுள்ள பவளம் ஒன்று செத்தால், என் கொள்ளுப்பாட்டி காலத்தில் முளைத்தது போய்விட்டது என்று அர்த்தம்.

அங்கே இருந்த காலத்தில் நான் அதிகம் கற்றுக்கொண்டது பவளத்திடமிருந்து அல்ல, பாசி எடுக்கும் பெண்களிடமிருந்து. விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சை அடக்கி மூழ்கி, பார்களைச் சுற்றியிருக்கும் கடற்பாசியைப் பறிக்கிறவர்கள். பூங்கா அறிவித்த பிறகு அவர்கள் பாட்டி காலத்திலிருந்து போன தீவுகளுக்குப் போகத் தடை. என் வயதுள்ள பெண்களைப் படகோடு நிறுத்தி விசாரிப்பதை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் தாங்களாகவே கூடிப் பேசி, மாதத்தில் 12 நாள்தான் பாசி எடுப்பது என்று முறை வைத்துக்கொண்டார்கள். எந்த விஞ்ஞானியும் சொல்லி வைத்த முறை இல்லை அது. எடுத்த இடம் மறுபடி தழைக்க எத்தனை நாள் ஆகும் என்று அவர்கள் கைக்குத் தெரியும்.

முறை என்ற அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு எங்கள் வாய்க்கால்தான் ஞாபகம் வந்தது. தண்ணீர் குறைந்த வருடங்களில் புது ஆற்றில் முறை வைத்துத்தான் விடுவார்கள். இத்தனை நாள் இந்தக் கிளைக்கு, இத்தனை நாள் அந்தக் கிளைக்கு. மதகு பார்க்கிற லஸ்கர் வந்து ஷட்டரை இறக்கினால் சண்டையும் வரும், சமாதானமும் வரும். மேலே இருக்கிறவர் தன் முறைக்கு மேல் ஒரு ராத்திரி கள்ளத்தனமாக மடையைத் திறந்துவைத்தால், கடைசியில் இருக்கிற எங்கள் நாற்று காயும். நாங்கள் யாரோடும் சண்டைக்குப் போகாமல் அண்டை வயல்காரரோடு பேசி, பகலும் ராத்திரியும் பிரித்துக்கொண்டு பாய்ச்சிய வருடங்கள் உண்டு. மன்னார் வளைகுடாவில் பெரிய பெரிய மேலாண்மைத் திட்ட அறிக்கைகள் படித்திருக்கிறேன், எழுதவும் செய்திருக்கிறேன். யார் முறை எப்போது, அதை வைத்தவர் யார் என்ற இரண்டுக்கும் பதில் இருந்த திட்டம்தான் தண்ணீருக்கடியில் நின்றது.

2018 நவம்பர் 16 விடிகாலை கஜா புயல் வேதாரண்யத்துக்கும் நாகைக்கும் நடுவே கரையேறியது. அப்பா முப்பது வருடம் வளர்த்த தென்னந்தோப்பு ஒரே ராத்திரியில் படுத்துவிட்டது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, வேதாரண்யம் என்று எங்கு பார்த்தாலும் தென்னை, தலைசாய்ந்து கிடந்தது. முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் இலை இல்லாத குச்சிகளாக மரங்கள் நின்றன. அடுத்த வருடம் நான் மண்டபத்தை விட்டு ஊருக்கு வந்துவிட்டேன்.

வந்த பிறகுதான் வீட்டுக்குப் பக்கத்துக் கடலை முதல்முறையாக ஒழுங்காகப் பார்த்தேன். பாக் விரிகுடா ஆழம் இல்லாதது. மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம் பக்கம் கடலில் வெகுதூரம் நடந்தே போகலாம் போல இருக்கும். அடியில் கடல்புல் வயல் வயலாக விரிந்திருக்கிறது. இங்கே தாழை என்கிறார்கள். இது பாசி இல்லை. வேர் உண்டு, தண்டு உண்டு, நீருக்கடியிலேயே பூவும் காயும் விடும். வேரால் சேற்றைப் பிடித்துவைக்கும், இலையால் ஓட்டத்தைத் தணித்து வண்டலை இறக்கும். மேலே இருக்கும் நீர் தெளியும். பார்களில் பெரிதாகத் திரிகிற பல மீன்கள் குஞ்சாக இருக்கும்போது இதற்குள்தான் ஒளிந்து வளர்கின்றன. ஆற்று வாயில் அலையாத்தி, அதற்கு அப்பால் தாழை, இன்னும் அப்பால் தெளிந்த நீரில் பவளம் என்று ஒன்றின் பின்னால் ஒன்று நிற்கின்றன. வகுப்பில் விழுந்த முடிச்சு அங்கேதான் கொஞ்சம் தளர்ந்தது. டெல்டாவில் பவளம் இல்லைதான். பவளத்தைக் காக்கிற வேலை இங்கே இருக்கிறது.

ஆவுளியா மேய்வதும் இந்தத் தாழையைத்தான். கடல்பசு என்று செய்தித்தாள்கள் எழுதுகிற விலங்கு. சில வருடங்களுக்கு ஒருமுறை ஒரே ஒரு குட்டி போடும். எழுபது வயதுவரை இருக்கும். 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரையோரம் 448 சதுர கிலோமீட்டர் கடலை இந்தியாவின் முதல் கடல்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. வலையில் மாட்டிய ஆவுளியாவை வலையை அறுத்து விடுகிறவர்களுக்கு வனத்துறை இழப்பீடு தருகிறது. கிழிந்த வலையின் விலையை யாராவது ஏற்றால்தான் அறுக்கக் கை வரும். இதைப் புரிந்துகொண்டு செய்ததால்தான் விடுவிக்கப்பட்ட ஆவுளியாக்களின் காணொளிகளை மீனவர்களே எடுத்துப் பரப்புகிறார்கள்.

நான் செய்த தவறையும் சொல்ல வேண்டும். தாழை அழிந்த இடங்களில் திரும்ப நடுவதற்கு இங்கே நல்ல வழி ஒன்று இருக்கிறது. மூங்கிலில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சட்டம் செய்து, குறுக்கும் நெடுக்கும் தேங்காய்நார்க் கயிற்றைக் கட்டி, கயிற்றுப் புரிக்குள் தாழையின் தண்டைச் செருகி, கடலடியில் இறக்கி முளை அடிக்க வேண்டும். வேர் பிடிப்பதற்குள் கயிறு மக்கிவிடாது. வேர் பிடித்த பிறகு மக்கிப் போய்விடும். பிளாஸ்டிக் எதுவும் கடலில் தங்காது. 2020-ல் நாங்கள் முதலில் இறக்கிய சட்டங்களுக்கு இடத்தைச் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். படத்தில் ஆழமும் தெளிவும் பொருத்தமாக இருந்தன. யாரிடமும் கேட்கவில்லை. மூன்று வாரம் கழித்துப் போனால் அங்கே இரண்டு சட்டம்தான் இருந்தது. மற்றதெல்லாம் கரையில், வலை பின்னும் கொட்டகைக்குப் பக்கத்தில், ஒன்றின் மேல் ஒன்றாக ஒழுங்காக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன.

கொட்டகையில் ஒரு பெரியவர் நண்டு வலைக்கு ஈயம் கோத்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே, "மேடம், உங்க சட்டம் எங்க வலையக் கிழிச்சிருச்சு" என்றார். மூங்கில் சட்டத்தைத்தான் சொன்னார். எனக்கு இன்னொரு சட்டமும் காதில் விழுந்தது. மன்னார் வளைகுடாவில் பெண்களைப் படகோடு நிறுத்திய சட்டம். எதிர்த்துப் பேச ஒன்றும் இல்லாமல் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டேன். கிழிந்த வலைக்கு என்ன ஆகும் என்று கேட்டேன். சொன்னார். அடுத்த வாரம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொள்ளவில்லை. "எங்க நடணும்னு எங்கள்ட்ட கேட்டிருக்கலாம்ல?" என்றார்.

சரி, கேட்டேன். மறுநாள் தன் வத்தையில் அழைத்துப்போனார். சூரியன் நன்றாக ஏறாத நேரம். நான் கறுப்பும் வெள்ளையும் அடித்த வட்டத்தட்டைக் கயிற்றில் கட்டி இறக்கி, எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று நீர்த் தெளிவை அளந்துகொண்டிருந்தேன். அவர் மூங்கில் கம்பை அடியில் ஊன்றி, திருகி, வெளியே எடுத்தார். நுனியில் ஒட்டியிருந்த சேற்றைக் கட்டைவிரலால் வழித்து மூக்குக்குப் பக்கத்தில் வைத்தார். எனக்கும் நீட்டினார். முட்டை அழுகின வாடை. "இது செத்த சேறு. இங்க வேர் போகாது" என்றார். படகை நகர்த்தி இன்னோர் இடம். மறுபடி கம்பு, மறுபடி சேறு. இது சாம்பல் நிறத்தில், லேசாக மணல் கலந்து இருந்தது; உப்பு வாசனையைத் தவிர வேறெதுவும் இல்லை. "இது பிடிக்கும்."

நடவுக்கு முன்னால் அப்பா அப்படித்தான் செய்வார். வயலில் இறங்கி, முழங்கை வரை விட்டு ஒரு பிடி சேற்றை எடுத்து மோந்து பார்ப்பார். மண் புளித்திருக்கிறது, இன்னும் இரண்டு நாள் தண்ணீரை வடித்துவிட்டு ஆறப்போடு என்பார். காற்றில்லாத சேற்றில் ஒரு வாயு உருவாகி வேரைக் கருக்கிவிடும் என்று நான் படித்து வைத்திருந்தேன். நெல்லுக்கும் தாழைக்கும் அது ஒன்றேதான். அதை மூக்கால் படிக்க என்னை யாரும் பழக்கியதில்லை.

இடத்தை மனோராவை வைத்து அடையாளம் செய்தோம். 1814-ல் சரபோஜி மன்னர் கட்டிய அந்தக் கோபுரம் கடலிலிருந்து பார்த்தால் தென்னைகளுக்கு மேலே நிமிர்ந்து தெரியும். மனோராவும் ஒரு தோப்பின் மூலையும் ஒரே கோட்டில் வரும் இடம். நண்டு வலை விடுகிறவர்கள் கொட்டகையில் கூடி, அந்தக் கோட்டுக்குக் கிழக்கே வலை விடுவதில்லை என்று பேசினார்கள். இங்கே ஏற்கெனவே முறை உண்டு. திங்கள், புதன், சனி விசைப்படகு. மற்ற நான்கு நாள் நாட்டுப்படகு. பல பத்தாண்டுகளாக இந்த மூன்றுநாள், நான்குநாள் முறைதான் பாக் விரிகுடாவில் இருவருக்கும் நடுவே நிற்கிறது. மீறல் உண்டு. இரண்டு விசைப்படகுகள் சேர்ந்து இழுக்கிற இரட்டை மடி வலை தடை செய்யப்பட்டும் அதை இழுக்கிறவர்கள் உண்டு. அது போன தடத்தில் தாழை வேரோடு பெயர்ந்து கிடப்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், உழுத வயல் மாதிரி இருக்கும். ஆனாலும் முறை என்ற ஒன்று இருப்பதால்தான் மீறல் என்று கை நீட்டிச் சொல்ல முடிகிறது.

வடிகாலைப் பற்றியும் அப்பாவிடம் பேசுகிறேன். வயலில் போட்ட யூரியாவில் பயிர் எடுத்தது போக மிச்சம் வாய்க்கால் வழியாகக் கடலுக்குத்தான் வரும். வந்தால் தாழையின் இலை மேல் அழுக்குப் பாசி தடித்து வெயிலை மறைக்கும். பவளத்துக்கும் இதே நோய்தான். ஒரே மூச்சில் கொட்டாமல் பிரித்துப் போட்டால் பயிருக்கும் நல்லது, செலவும் குறையும் என்று சொன்னேன். அப்பா முதலில் கேட்கவில்லை. நடவு முடிந்த ஒரு மாலையில் வடிகால் மதகில் உட்கார்ந்துகொண்டு, "இது நேரா உன் வயலுக்குத்தான் போகுதா?" என்று கேட்டார். அந்தச் சாகுபடியிலிருந்து பிரித்துப் போடுகிறார்.

இந்தத் தடைக்காலத்தின் கடைசி வாரம் பெரியவர் போன் செய்தார். "தண்ணி தெளிஞ்சிருக்கு பாப்பா. நாளான்னைக்குச் சோழகக் காத்து கிளம்பிரும். வர்றதுன்னா விடியக்காலம் வந்துரு." மேடம் எப்போது பாப்பா ஆனேன் என்று எனக்குத் தெரியவில்லை. நார்க்கயிற்றுக் கட்டை வண்டியில் ஏற்றிக்கொண்டு நாலு மணிக்குக் கிளம்பினேன். கயிறு எங்கள் பக்கத்துத் தென்னைநார்தான். கஜாவில் தப்பிய மரங்களும் அதன் பிறகு வைத்தவையும் இப்போது காய்க்கின்றன.

நான் இறங்கியபோது வெயில் அடிவரை போயிருந்தது. பழைய சட்டங்களைத் தேட வேண்டியிருந்தது. கயிறு மக்கி, மூங்கிலும் சேற்றில் பாதி புதைந்து, மூலைகள் மட்டும் தெரிந்தன. உள்ளே இலை நெருக்கமாக நின்றது. சட்டைப் பொத்தான் அளவில் ஓரா மீன் குஞ்சுகள் கூட்டமாக இலைக்கு இலை ஒதுங்கின. நான் கட்டத்துக்குள் இருந்த தளிர்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பலகையில் எழுதிக்கொண்டு மேலே வந்தேன். வத்தையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு எண்ணிக்கையைச் சொன்னேன்.

பெரியவர் கேட்டுக்கொண்டார். "சட்டத்துக்கு வெளிய முளைச்சத எண்ணுனியா?" என்றார்.

எண்ணவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி இறங்கினேன்.